சாணி கேஸில் போட்ட காப்பி

பி.எஸ்ஸி. முடித்தபின் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் காப்பி போட்டுக் காட்டுவது. அறுபதுகளின் பின்பாதி அது. பம்பாயில் சயனைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிகள் செய்யும் ஒரு குஜராத்திக்காரரின் ஷெட்டில் வேலை. இரும்புத் தகட்டை வளைத்துத் தொட்டி செய்துகொண்டிருந்தவர், சாணியிலிருந்து எரிவாயு எடுக்கும் குழிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, அதே தகட்டில் கேஸ் டிரம் செய்ய ஆரம்பித்திருந்தார். தொட்டிக்கு வாய் மேலே, டிரம்முக்கு வாய் கீழே, தொழிலில் வேறு வித்தியாசம் இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நாங்கள் எல்லோரும் அவரை சேட் என்றே கூப்பிட்டோம்.

வாங்க வருகிறவர்கள் எருமைத் தொழுவம் வைத்திருப்பவர்கள், தாணா பக்கத்துத் தோட்டக்காரர்கள், பசு மடம் நடத்துகிறவர்கள். குழியின் ஆழத்தைப் பற்றியோ டிரம்மின் கனத்தைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: நாற்றம் வருமா? அடுப்புக்குப் பக்கத்தில் படித்த பெண் ஒருத்தி சுத்தமான புடவையில் நின்று சமைத்துக் காட்டினால் அந்தக் கேள்வி எழாது என்பது சேட்டின் கணக்கு. தமிழ், ஹிந்தி, மராத்தி மூன்றும் பேசுகிற பெண் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார். நான் ரசாயனம் படித்தவள் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "சாய் அச்சி பனாத்தி ஹோ?" என்றார். டீயைவிடக் காப்பி நன்றாகப் போடுவேன் என்றேன். மறுவாரமே வரச் சொல்லிவிட்டார்.

மாதுங்காவில் எங்கள் வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க்.

"பி.எஸ்ஸி. படிச்சுட்டு சாணி கரைக்கப் போறயாக்கும்?"

"கரைக்கறதுக்கு ஆள் இருக்காப்பா. நான் காப்பி மட்டும்தான் போடணும்."

"அதுக்கு பி.எஸ்ஸி. என்னத்துக்கு?"

 அம்மா வேறொன்று கேட்டாள். அந்த அடுப்பில் பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்குமா பிடிக்காதா என்று. பிடிக்காது என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போனாள்.

ஷெட்டின் பின்புறத்தில் ஒரு மாதிரிக் குழி இருந்தது. பக்கத்துத் தொழுவத்திலிருந்து கூடைக்காரி ஒருத்தி காலையில் சாணி கொண்டுவந்து கொட்டுவாள். அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குழிக்குள் இறக்கினால், உள்ளே புளித்துப் பொங்கி, வாயு மேலே கிளம்பி டிரம்மைத் தூக்கும். டிரம்மின் தலையிலிருந்து ஒரு குழாய் என் அடுப்புக்கு வரும். பற்றவைத்தால் நீலமாக எரியும். பற்றவைப்பதற்கு முந்தின கணத்தில் அழுகின முட்டை வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும். எரிய ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் இருக்காது. ஆகவே வருகிறவர்கள் ஷெட்டின் வாசலில் தலைகாட்டும்போதே நான் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். அப்படியும் பலர் டம்ளரைக் கையில் வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். குடித்தவர்களில் டிரம் வாங்கியவர்கள் குறைவு.

ஷெட்டில் வெல்டர் ஒருவன் தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவனுடைய அக்கா செம்பூருக்கு அப்பால், தேவ்நார் போகும் வழியில் ஒரு மெஸ் நடத்திவந்தாள். அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்து ஊழியர்களுக்காகப் பெரிய குடியிருப்பு ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்த சமயம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர்கள் என்று தமிழ் ஆட்கள் நிறையப்பேர் அங்கே வேலையில் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் அவள் பொங்கிப் போட்டாள். தகரக் கூரை, மூன்று பக்கம் தட்டி, ஒரு பக்கம் திறப்பு, அதற்குள் இரண்டு பெரிய விறகடுப்பு. ஒருநாள் தம்பியோடு ஷெட்டுக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். புகையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. என் அடுப்பின் முன்னால் குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"எரியுதாம்மா?"

"எரியறதே, பாருங்கோ."

"சத்தமும் இல்ல, புகையும் இல்ல. தீ இருக்கான்னு எப்படித் தெரியும்?"

கையை நீட்டிச் சுட்டுக்கொண்டாள். பிறகு நான் கொடுத்த காப்பியை மோந்து பார்க்காமல் குடித்தாள். நாற்றத்தைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. "புகை சுத்தமா வராதுல்லா?" என்று மட்டும் மறுபடியும் மறுபடியும் கேட்டாள். அவளுடைய கணவர் தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் பல வருஷம் வேலை செய்து மூச்சிரைப்பு வாங்கிக்கொண்டவர். மெஸ்ஸில் காய் நறுக்கித் தருவது அவர் வேலை. அடுப்பு எரியும்போது உள்ளே உட்கார முடியாது. அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மழைக்காலத்தில் அந்த மரத்தடியும் கிடையாது.

அவளிடம் மாடு இல்லை. ஆனால் மெஸ்ஸை ஒட்டினாற்போல ஒரு தபேலா இருந்தது. பம்பாயில் எருமைத் தொழுவத்துக்கு அதுதான் பெயர். நடத்துகிறவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். பால்காரர்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல நாங்களும் பையா என்போம். சாணி சாக்கடையில் ஓடுகிறது என்று அதிகாரிகள் வந்து மிரட்டிவிட்டுப் போகும் தொல்லை அவருக்கு. கேஸ் அவருக்கு வேண்டாம். வரட்டி தட்டி எரித்துத்தான் அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடம் சாணி உண்டு, தேவை இல்லை. அவளிடம் தேவை உண்டு, சாணி இல்லை. இருவரையும் சேர்த்துவைத்துப் பேசியது நான்தான். அவளுக்கு ஹிந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் துளியும் தெரியாது.

"சாணி அவுகளோடது, கரைக்கது நான். காலையில சாயங்காலம் அவுக ஆளுக எல்லாருக்கும் டீ குடுத்திருதேன்னு சொல்லும்மா" என்றாள்.

பையா எருமைகளைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். "டீக் ஹை" என்று தலையாட்டிச் சம்மதித்தார். குழியை இரண்டு இடத்துக்கும் நடுவில் தோண்டினார்கள். உதவித்தொகைக்கான காகிதங்களைச் சேட்டே பார்த்துக்கொண்டார். மெஸ் நடக்கிற இடத்தில் ஒரு குழி இருந்தால் ஊரையே கூட்டிவந்து காட்டலாம் என்று அவருக்கு உற்சாகம்.

டிரம்மை மாட்டுவண்டியில் ஏற்றி, வெல்டர் பக்கத்தில் நடந்தே கொண்டுவந்தான். குழியில் இறக்கிய பிறகு நாட்கள் போயின, டிரம் அசையவில்லை. பையா காலையில் பால் கறந்து முடித்ததும் வந்து டிரம்மை உதைத்துப் பார்ப்பார். "மர் கயா" என்று சொல்லிவிட்டுப் போவார். செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அவள் தினமும் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் டிரம் ஒரு சாண் எழுந்து நின்றது. அவள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். பற்றவில்லை. தீக்குச்சிதான் அணைந்தது. முதலில் வருகிற வாயு எரியாது, அதைத் திறந்து விட்டுவிடவேண்டும் என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த அவநம்பிக்கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நாள் காத்திருந்து சேர்ந்ததைக் காற்றில் விடச் சொல்கிறாளே என்கிற பார்வை. விட்டாள். அடுத்த வாரம் நிரம்பியது எரிந்தது.

அன்றைக்கு அவள் செய்த முதல் காரியம், வெளியே போய்க் கணவரின் அரிவாள்மணையை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டது. "வந்து உக்காருங்க" என்றாள். அவர் வாசலிலேயே நின்று சற்று நேரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தார். 

சாணிச் சோறு என்று கட்டட வேலை நடக்கிற இடத்தில் பேச்சுக் கிளம்பியது. சிலர் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். நான் போய் அவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டும் என்று சேட் அனுப்பினார். சாரத்தின் கீழே நின்று, சாணி சோற்றைத் தொடுவதில்லை, அதன் வாயுதான் எரிகிறது என்று சொன்னேன். ஒரு கம்பி கட்டும் ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. ஆனா சொன்னதுக்கப்புறம் சாப்பிடும்போது ஞாபகம் வருதுல்லா?" என்றான்.  வெல்டரின் அக்கா என்னைப்போல விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பருப்பு வடை சுட்டாள். அதன் வாசனை கட்டடத்தின் மேல்தளம்வரை போனது. போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலையிலிருந்து பெய்து, சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை, ரயில் இல்லை, வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் வழக்கம்போல முழு அண்டா சோறு வடித்துவைத்திருந்தாள். யாரும் வரவில்லை. அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் நிற்கவேண்டிய காலம் அது. வெளியே வாங்கினால் யானை விலை. அக்கம்பக்கத்துக் குடிசைகளுக்குக் கொடுத்தாள். அதற்குமேலும் மிஞ்சியது. மறுநாளும் மழை விடவில்லை, சோறு நூல்விட ஆரம்பித்தது. எருமைகளுக்காவது போடச் சொல்லிப் பையாவிடம் கொண்டுபோனாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சோறு தின்றால் எருமைக்கு வயிறு உப்பிவிடும் என்று சைகையில் காட்டினார்.

அவ்வளவு சோற்றையும் சாக்கடையில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. குழியில் கொட்டிவிட்டாள்.

முதலில் டிரம் என்றைக்கும் இல்லாத உயரத்துக்கு எழுந்ததாம். அவளுக்கு ஒரே சந்தோஷம். அதைப் பார்த்து அடுத்தடுத்த நாட்களில் வடித்த கஞ்சி, காய்த்தோல், இலையில் மிஞ்சியது என்று எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். பிறகு தீ மஞ்சளாகி, சிறுத்து, அணைந்துவிட்டது. குழாயில் வாயு வருகிறது, எரியமாட்டேன் என்கிறது. குழியின் வாயில் நுரை தள்ளியது. நான் போய்ச் சேர்ந்தபோது சாணி வாடைக்குப் பதிலாக ஊசின மோர் வாடை அடித்தது.

"சோறுதானம்மா போட்டேன். விஷமா போட்டேன்?" என்றாள்.

மறுபடியும் விறகு எரிந்துகொண்டிருந்தது. ஈர விறகு. கணவர் வெளியே, தகரக் கூரையின் ஓரத்தில், சாரல் படாமல் முதுகைத் தட்டியோடு ஒட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். இருமும்போதெல்லாம் கையை நிறுத்துவார்.

சேட்டுக்குச் சொன்னேன். குழியை மொத்தமாக இறைத்துக் கழுவிப் புதிதாகத் தொடங்கவேண்டும் என்றார். அப்படிச் செய்தால் மறுபடி எரிய மழைக்காலம் முடிந்துவிடும். கல்லூரி முடித்தபின் நான் ரசாயனத்தைத் தொட்டதில்லை. பழைய சிநேகிதி ஒருத்தி கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே வேலையாக இருந்தாள். அவளிடம் லிட்மஸ் காகிதம் கொஞ்சம் வாங்கிவந்து குழியில் நனைத்தேன். எடுக்கும்போதே சிவந்துவிட்டது. குழி புளித்துவிட்டது, அவ்வளவுதான். பையா எருமைக்கு ஆகும் என்று சைகை காட்டியதேதான் இந்தக் குழிக்கும் ஆகியிருந்தது. சோற்றை நிறுத்தச் சொன்னேன். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன். ஷெட்டின் மாதிரிக் குழியிலிருந்து பழைய கரைசலை, இதில் கலந்தால் பழையபடி பொங்கும் என்று, டின்களில் மொண்டு, வாடகை டெம்போ ஒன்றில் வைத்துக்கொண்டு செம்பூர் போனேன். வழியில் ஒரு சிக்னலில் பக்கத்து டாக்ஸிக்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பலிக்கும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. புத்தகத்தில் அமிலம், காரம் என்று படித்ததுதான் கையிருப்பு. காகிதம் நாளுக்கு நாள் சிவப்புக் குறைந்து வந்தது. ஒருநாள் காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே அவள் எதிரில் வந்தாள்.  என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்பைக் காட்டினாள். நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ரசாயனம் படித்ததற்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒருதடவைதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு அளவு கண்டுபிடித்தோம். சாணியோடு ஒரு வாளி மிச்சம்மீதி தாங்கும். அதற்குமேல் போனால் புளிக்கும். அந்த ஒரு வாளியில் வருகிற கூடுதல் வாயு சாயங்கால டீக்குப் போதுமாக இருந்தது. வெறும் சாணியைவிடச் சோற்றில் வேகமாகக் கேஸ் வருகிறது என்று நான் சேட்டிடம் சொன்னேன். நகரத்தில் எருமை எத்தனை பேரிடம் இருக்கிறது, மிஞ்சின சோறு இல்லாத ஹோட்டல் உண்டா, இதை வைத்து எவ்வளவோ செய்யலாமே என்றேன். அவர் காதைப் பொத்தாத குறை.

"ஜூட்டா?" என்றார். எச்சிலா என்று கேட்டார். சாணியில் எரிகிற தீ என்றால் ஹிந்துக்கள் ஒப்புக்கொள்வார்கள், எச்சிலில் எரிகிற தீயில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொதிக்கவைக்க மாட்டார்கள், இதை இன்னொரு தடவை சொல்லாதே என்றார்.

அப்போது அவருடைய நினைப்பெல்லாம் மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் சில பசுக்களை வளர்த்தார்கள். கல்யாணக் காலத்தில் கோட்டை அடுப்புகள் நாள் முழுக்க எரியும். அவர்கள் ஒரு பெரிய குழி போட்டால் மாதுங்கா, வடாலா, கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் பின்னாலேயே வரும் என்று நம்பினார். அந்த மண்டபத்தின் கமிட்டியில் என் அப்பாவும் ஓர் அங்கத்தினர். சேட்டுக்கு இது தெரிந்தபின் எனக்கு ஷெட்டில் மேஜை விசிறி கிடைத்தது.

கமிட்டியில் ஐந்தாறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் வந்து மெஸ்ஸைப் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின நாளே சேட் என்னை அனுப்பினார். எச்சில் வாளியை மறைத்துவைக்க வேண்டும், கேட்டால் சாணி மட்டும்தான் என்று சொல்லவேண்டும். நான் அவளிடம் அப்படியே சொன்னேன்.

"வாளிய எங்க வைக்கச் சொல்லுதாரு?"

"எங்கேயாவது, கண்ணுல படாம."

"சரிம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டி, கோட்டு, விபூதியோடு அவர்கள் டாக்ஸிகளில் வந்து இறங்கினார்கள். அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார், தெரிந்தவரைப் பார்த்து அசைப்பதுபோல. சேட் எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். இடம் பெருக்கி மெழுகிச் சுத்தமாக இருந்தது. புது டம்ளர்கள் வாங்கியிருந்தாள். காப்பி நான் போட்டேன். எல்லோருக்கும் திருப்தி. டிரம்மைச் சுற்றிவந்து பார்த்தார்கள். கமிட்டியின் செயலாளர் ஒரு வக்கீல். அவர்தான் குழியின் வாயருகே குனிந்து எதையோ பார்த்தார்.

"இதென்ன, முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி இருக்கே?"

வாளியை மறைத்திருந்தாள். குழியின் வாயில் ஒட்டியிருந்ததை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மறந்தாளா, தெரிந்துதான் விட்டாளா என்று நான் பிறகும் கேட்கவில்லை.

"சக்கைதான்யா" என்றாள்.

"சாணியில ஏது சக்கை?"

"சாணியோட இலையில மிஞ்சினதும் ஒரு வாளி போடுதேன். சோறு, காய்த்தோல், சக்கை, எல்லாந்தான். அப்பதான் டீக்கும் கேஸ் காணும்."

 சேட்டுக்குத் தமிழ் தெரியாது. அவர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். "க்யா போல் ரஹி ஹை?" என்று என்னைக் கேட்டார். அவள் சொன்னதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். சிரிப்பு உடனே மறையவில்லை, மறைய இடம் தேடுவதுபோல முகத்தில் கொஞ்சநேரம் அலைந்தது.

"எச்சிலா?" என்றார் செயலாளர்.

"ஆமாய்யா. வேற எங்க போட? சாக்கடையிலயா போட? அரிசி விக்கிற விலையில அது அடுப்புலயாவது போகட்டும்" என்றாள். குரலில் சண்டை இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒவ்வொருவராக டம்ளரைக் கீழே வைத்தார்கள். பெரும்பாலும் குடித்து முடித்த டம்ளர்கள்தான். அப்பாவின் கையில் பாதிக் காப்பி இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணாந்து முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரை மற்றவர்களுடையதோடு சேர்த்துவைத்தார். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

டாக்ஸியில் இடம் இருந்தும் அவர் அவர்களோடு போகவில்லை. என்னோடு பஸ்ஸில் வந்தார். சயன் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி நன்னா இருந்தது" என்றார்.

"கமிட்டியில என்ன சொல்லுவேள்?"

"வேண்டாம்னுதான் சொல்லுவேன். கல்யாணத்துக்கு வரவாளுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

சொன்னபடியே வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டார். அவர் ஓட்டு இல்லாமலும் அது தோற்றிருக்கும். வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், நம்மாத்துக்கு அந்த அடுப்பு வருமா வராதா, அதைச் சொல்லுங்கோ" என்றாள். மூன்றாவது மாடியில் குழி எங்கே தோண்டுவது என்று அப்பா கேட்டார். வருமா வராதா என்றுதானே கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

சேட் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. மொழிபெயர்க்கும்போது இருமல் வந்ததாகச் சொல்லி ஒரு வாக்கியத்தை விட்டிருக்கலாமே என்று மட்டும் ஒருதடவை கேட்டார். செம்பூருக்கு ஆட்களைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார். சிறிது காலத்தில் சிலிண்டர் கேஸ் அடுப்புகளின் ஏஜென்ஸி ஒன்று அவருக்குக் கிடைத்தது. டிரம் செய்வது நின்று, பழையபடி தொட்டிகள் வந்தன. நான் மாதுங்கா, சயன் வீடுகளுக்குப் போய் சிலிண்டரைத் திறந்து மூடக் கற்றுக்கொடுத்தேன். அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, காத்திருப்போர் வரிசைதான் நீளமாக இருந்தது. இதற்கிடையில் என்னைப் பெண்பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண் சாணி கேஸ் கம்பெனியில் இருந்தவள் என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள். அதன்பின் வந்தவர் இன்னும் கொஞ்சம் சொல்லு என்று குழியைப் பற்றிக் கேட்டார். அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

கல்யாணத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை செம்பூர் போனேன். தபேலாவைக் காணோம். எருமைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். பையா போகும்போது இரண்டு வண்டிச் சாணியைக் குழியருகே கொட்டிவிட்டுப் போனாராம். அது தீர்ந்தபின் தேவ்நார்வரை கூடையோடு நடந்து பார்த்திருக்கிறாள். பிறகு வெறும் மிச்சம்மீதியை மட்டும் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி, சில மாதம் ஒப்பேற்றியிருக்கிறாள். அதற்குள் டிரம் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. தம்பி வந்து இரண்டு தடவை ஒட்டுப் போட்டான். மூன்றாம் தடவை ஒட்டுப் போடத் தகடு மிச்சமில்லை.

மரத்தூள் அடைத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதிலும் புகைதான். கணவர் எங்கே என்று கேட்டேன்.

"ஊருக்கு அனுப்பிட்டேன். இங்க இருந்தா இழுத்துக்கிட்டே கெடப்பாரு. அங்க அவுக அண்ணன் வீட்டுல இருக்காரு. நல்லா இருக்கேன்னு எழுதச் சொல்லி அனுப்புதாரு."

காய் நறுக்க ஓர் ஆள் வைத்திருந்தாள். குடியிருப்பில் பாதிக் கட்டடங்களில் குடிவந்துவிட்டார்கள். ஆபீஸ் பஸ்கள் போய்வந்தன. கட்டட ஆட்கள் குறைந்து, பஸ் டிரைவர்களும் காவலாளிகளும் சாப்பிட வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இலை போட்டாள். சாப்பிட்டேன்.

"இன்னொரு டிரம் உங்க சேட்டுகிட்ட வாங்கித் தரமுடியுமா?" என்று கேட்டாள்.

அவர் இப்போது அதைச் செய்வதில்லை என்றேன்.

"வேற யாரும் செய்யமாட்டாங்களா?"

செய்வார்கள், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். பக்கத்தில் யாரும் செய்யவில்லை. பூனா பக்கம் ஒருவர் செய்வதாகச் சொன்னார்கள். அந்த முகவரியை எழுதி அவள் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அவள் போனாளா, வாங்கினாளா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை பிறந்து, வீடு மாறி, அந்தப் பக்கம் போவது நின்றுவிட்டது.